வாசலில் நிற்கும் வண்டி

அரியலூர் மண் ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது. கிரெட்டேசியக் காலத்துக் கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற சிப்பிகளும் நத்தைக் கூடுகளும் இப்பகுதியில் இன்றும் அகப்படுகின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்திருக்கும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையதாகக் கூறப்படும் மரம் ஒன்று கல்லாய்ச் சமைந்து படுத்துக் கிடக்கிறது. அந்தப் பழங்கடல் சேர்த்துவைத்த சுண்ணாம்பே இப்பகுதிக்குச் சிமெண்டு ஆலைகளைக் கொண்டுவந்தது. ஆலைக்குக் கல் வேண்டும்; கல்லைச் சுமக்க டிப்பர் லாரிகள் வேண்டும்; கல் மாவாகி மூட்டையான பின் அதை வெளியூருக்கு ஏற்றிச்செல்ல வேறு லாரிகள் வேண்டும். அவை ஓடும் சாலைகளில்தான், ஓரத்து ஆவாரஞ்செடியும் வெண்புழுதி போர்த்து நிற்கும் அந்தச் சாலைகளில்தான், மேனிலைப் பள்ளி மாணவர் நாள்தோறும் பள்ளிக்குப் போய்வருகின்றனர்.

பெரம்பலூரின் நிலை சற்று வேறு. அந்நகருக்கு இருப்புப்பாதை இல்லை. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நான்குவழி நெடுஞ்சாலையே அதன் தலைவாசல். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் காடுகளை ஊடறுத்து, சிறுவாச்சூர், பாடாலூர் முதலிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு அது செல்கிறது. தொலைதூரம் போகிறவர்க்கு அது விரைவுப் பாதை. அதன் ஓரத்தில் குடியிருப்பவர்க்கோ அது தெரு. எதிர்ப்புறத்துக் காட்டுக்குப் போகவும், பால் ஊற்றவும், மாலையில் டியூசனுக்குச் செல்லவும் கடந்தே தீரவேண்டிய தெரு. ஒரே தார்ப்பரப்பு ஒருவருக்கு நெடுஞ்சாலையாகவும் மற்றொருவருக்குத் தெருவாகவும் இருப்பதே இங்கு நேரும் விபத்துகள் பலவற்றின் வேர்.

இத்தகைய ஊரில் இருசக்கர வண்டி ஆடம்பரம் ஆகாது. நகரப் பேருந்து ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்பதை ஊரார் அறிவர். பாட்டிக்குத் திடீரென மூச்சு வாங்கினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் வண்டிதான். யூரியா மூட்டை வீடு சேர்வதும் வண்டியில்தான். தந்தை திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ வேலைக்குச் சென்றுவிட்ட வீடுகளில், வாசலில் நிற்கும் வண்டியை எடுக்க இருக்கும் ஒரே ஆண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பான். அவன் வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்று சொல்வது எளிது. அவன் ஓட்டாவிட்டால் அந்த வீட்டின் ஒருநாள் எப்படி நகரும் என்று கேட்பவர் சிலரே. இளையோர் வண்டி ஓட்டுதலைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கேள்வியைக் கடந்து சென்றுவிடுவதால்தான், அவர்தம் பேச்சு மாணவர் காதில் விழுந்தும் மனத்தில் தங்குவதில்லை.

பிள்ளைகள் வண்டி கற்கும் விதமும் நோக்கத் தக்கது. எவரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. மூன்று வயதில் எக்ஸ்எல் வண்டியின் முன்தளத்தில், தந்தையின் முழங்கால்களுக்கு நடுவே நின்று குழந்தை கைப்பிடியைப் பற்றுகிறது. பத்து வயதில் நிறுத்திவைத்த வண்டியில் ஏறி முறுக்குப்பிடியைத் திருகிப் பார்க்கிறது. கால் தரையைத் தொட்ட கோடையில், வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் ஓட்டிப் பழகுகிறது. அடுத்த மாதம் களத்துமேட்டுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துப் போகிறது. அதற்கடுத்த மாதம் கடைவீதிக்கு. வண்டியைச் சாயாமல் நிறுத்தவும், வளைக்கவும், முன்னே செலுத்தவும் உடம்பு கற்றுவிடுகிறது. இவ்வளவும் கைப்பழக்கம். சாலையில் பிறர் என்ன செய்யப் போகின்றனர் என்பதை முன்னதாகவே கணிப்பது வேறொரு கலை. அதை ஏரிக்குள் கற்க இயலாது. ஏரிக்குள் எதிரே எவரும் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் ஊர்ப்புறத்தில் ஒரு குழப்பம் உண்டு. "பதினாறு வயதானால் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்" என்று பலரும் நம்புகின்றனர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 16 வயது நிறைந்தவர்க்கு இசைவளிப்பது 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பொறித்திறன் கொண்ட வண்டிக்கு மட்டுமே. அதற்கும் உரிமம் வேண்டும். 1980-இல் ஓசூரில் உருவாகி வெளிவந்த டிவிஎஸ் 50 அந்த வரம்புக்குள் அடங்கியது. இன்று அதே மரபில் வாசல்தோறும் நிற்கும் எக்ஸ்எல் 100-இன் பொறி, பெயரே சொல்வதுபோல், ஏறத்தாழ 100 கன சென்டிமீட்டர். ஸ்கூட்டர்கள் அதனினும் மிகுதி. ஆகவே இன்று வீடுகளில் உள்ள பெட்ரோல் வண்டிகளில் பதினாறு வயது மாணவர் சட்டப்படி ஓட்டத்தக்கது எது என்று தேடினால், அநேகமாக ஒன்றும் அகப்படாது. வண்டிகள் வளர்ந்துவிட்டன, பழைய நம்பிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

பதினெட்டு என்னும் எல்லைக்கு என்ன பொருள்? பதினேழு வயது பதினோரு மாதத்தில் இல்லாத திறன் பதினெட்டாம் பிறந்தநாள் விடியலில் வந்துவிடுமா என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். உண்மையில், பின்விளைவை எண்ணிப் பார்த்து உந்துதலை அடக்கும் மூளைப்பகுதியாகிய நெற்றிப்புறப் புறணி இருபது வயதைத் தாண்டிய பின்னும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பதினெட்டு என்பது அறிவியல் கிழித்த கோடு என்பதைவிட, சமுதாயம் ஒத்துக்கொண்ட கோடு என்பதே பொருந்தும். அந்தப் புறணி முதிராத காலத்தில் நண்பர் உடனிருப்பது என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கணினியில் ஒரு வண்டி விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பின்னும் எவ்வளவு தூரம் துணிந்து செல்லலாம் என்பதே அதில் சோதனை. 13 முதல் 16 வயதினர் தனியே ஆடியதைவிட, தம் வயது நண்பர் பார்த்திருக்க ஆடியபோது ஏறத்தாழ இரு மடங்கு துணிந்தனர். வயது வந்தோரிடம் நண்பர் உடனிருப்பதால் மாற்றம் ஒன்றும் காணப்படவில்லை. அந்த நண்பர் தூண்டிவிடவும் வேண்டியதில்லை. அருகில் இருந்தாலே போதும்.

இதைப் படித்த பின், பள்ளி விடும் நேரத்தில் ஒரே வண்டியில் மூவர் செல்லும் காட்சி வேறு விதமாகத் தோன்றும். மூன்றாமவரின் எடையால் பின்சக்கரம் அழுந்தி முன்சக்கரம் இலேசாகிறது. கைப்பிடி சொன்னபடி கேட்பதில்லை. அது இயற்பியல். ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னே இரண்டு பார்வையாளர் இருக்கின்றனர் என்பது மற்றொன்று. எதிரில் ஒரு பேருந்தை முந்த இடம் போதுமா, போதாதா என்று ஐயம் எழும் அந்த அரைநொடியில், தனியே சென்றால் பின்வாங்கியிருக்கும் கை, முதுகுக்குப் பின்னே இருவர் இருப்பதால் முறுக்குகிறது.

சேக்கிழாரின் பெரியபுராணம் ஓர் இளைஞன் தேர் செலுத்திய கதையைச் சொல்கிறது. திருவாரூர் வீதியில் சோழ இளவரசனின் தேர் செல்கிறது; பசுவின் கன்று ஒன்று எவரும் அறியாதபடி துள்ளிவந்து தேர்க்காலில் அகப்பட்டு மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. மனுநீதிச் சோழன் தன் மகன்மீது தானே தேரைச் செலுத்துகிறான். அந்நூல் எழுந்தது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவனுடைய தலைநகரமாகிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. கதையைக் கேட்போர் அரசனின் நீதியைப் போற்றிவிட்டு அமைகின்றனர். அமைச்சர் சொன்ன சமாதானத்தைப் பலர் கவனிப்பதில்லை. கன்று தானே வந்து புகுந்தது என்பதுதான் அந்தச் சமாதானம். இன்றும் விபத்து நடந்த இடத்தில் முதலில் கேட்கும் சொல் அதுவே: "திடீர்னு குறுக்கே வந்துடுச்சு." ஆடு வந்தது, கிழவி வந்தாள், பக்கத்துச் சாலையிலிருந்து டிராக்டர் வந்தது, எல்லாம் திடீரென்று வந்தன.

'திடீர்' என்பது கன்றின் தன்மையா, தேரின் தன்மையா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேனிலை வகுப்பு இயற்பியல் அதற்குப் போதும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. கண் கண்டதை மூளை உணர்ந்து கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 17 மீட்டர் போய்விடும். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் அதன்பின் வண்டியை நிறுத்த ஏறத்தாழ 9 மீட்டர் வேண்டும். ஆக 26 மீட்டர். வேகம் 80 ஆனால், உணர்வதற்குள் 33 மீட்டர். நிறுத்துவதற்கு 36 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 70 மீட்டர். வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தொலைவு நான்கு மடங்காவதை இங்கே காணலாம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதன் விளைவு அது. முப்பது மீட்டர் தொலைவில் சாலையில் இறங்கும் ஆடு, நாற்பதில் வருபவனுக்கு ஆடு. எண்பதில் வருபவனுக்கு அதுவே 'திடீர்'.

அதே வாய்பாட்டை வேறு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் சென்று சுவரில் மோதுவது, ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். இரண்டு மாடி உயரம். 60 கிலோமீட்டர் எனில் 14 மீட்டர். நான்கு மாடிக்கும் மேல். நான்காம் மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நிற்கச் சொன்னால் எந்த மாணவனும் நடுங்குவான். அதே உயரத்தை வேகமானியின் முள்ளில் காணும்போது நடுக்கம் வருவதில்லை. உயரத்தைக் கண்டு அஞ்ச மனித உடம்பு பல்லாயிரம் தலைமுறையாகப் பழகியிருக்கிறது. வேகத்தைக் கண்டு அஞ்ச அதற்குக் கிடைத்தவை நான்கைந்து தலைமுறைகளே.

இனி டிப்பர் லாரி. அரியலூர்ச் சாலைகளில் அதைப் பழிக்காதவர் இல்லை. பழிக்கக் காரணங்களும் உண்டு. ஆயினும் அதன் ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறை ஏறி அமர்ந்து பார்த்தவர்க்கு ஓர் உண்மை புலப்படும். முகப்பையொட்டிச் சில அடிக்குள் நிற்பவர் அவர் கண்ணில் படமாட்டார். இடப்பக்கக் கதவையொட்டி ஒரு வண்டி முழுவதுமாக மறைந்துவிடும். பின்னால் நெருங்கி வருபவரைக் காட்டக் கண்ணாடியால் இயலாது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியாத இடத்தில் செல்லும் எவரும், அந்த ஓட்டுநரைப் பொறுத்தவரை, சாலையிலேயே இல்லை. இன்னொன்று: நீண்ட வண்டி இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை, உட்புறமாகக் குறுக்கி வெட்டிச் செல்கின்றன. திருப்பத்தில் லாரிக்கும் சாலையோரத்துக்கும் இடையே அகன்று தெரியும் வெளியைக் கண்டு, அதில் புகுந்து முந்திவிடலாம் என்று எண்ணும் இளைஞன் அந்தப் பின்சக்கரங்கள் வரப்போகும் இடத்தில்தான் புகுகிறான். லாரியிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புச் சரளையும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் கிடக்கும்.

பெரம்பலூர்ப் பக்கத்து ஆபத்து அறுவடைக் காலத்தது. மக்காச்சோளத்தைக் காயவைக்கக் களம் போதாத உழவர் கிராமச் சாலையின் பாதியில் கொட்டிப் பரப்புகின்றனர். காற்றில் தார்ப்பாய் பறக்காமலிருக்க ஓரத்தில் கற்களையும் வைக்கின்றனர். உருண்டு கிடக்கும் மணிகள்மேல் சக்கரம் ஏறினால் குண்டுமணிமேல் கால் வைத்த கதைதான். இரவில் அந்தக் கற்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உழவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பொதுக் களம் ஒவ்வோர் ஊருக்கும் அமைந்தால் சாலை சாலையாகிவிடும். அதுவரை, அறுவடைக் காலத்தில் எந்தச் சாலையில் சோளம் காய்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பதும் வண்டி ஓட்டுதலின் ஒரு பகுதியே.

நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் செல்லும் பழக்கம் இவை எல்லாவற்றினும் கொடிது. நடுத்திட்டு வந்தபின், எதிர்ப்புறம் போக வேண்டியவர் திறப்பு இருக்கும் இடம்வரை சென்று திரும்பி வரவேண்டியிருக்கிறது. 'இருநூறு அடிதானே' என்று ஓரமாகவே எதிர்முகத்தில் செல்வோர் பலர். எதிரெதிரே வரும் இரு வண்டிகளின் வேகம் கூடும். 40-இல் செல்பவனை நோக்கி 100-இல் வரும் மகிழுந்து ஒரு நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் நெருங்குகிறது. மகிழுந்து ஓட்டுநர் அந்தப் பக்கத்தில் எதிரே எவரையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராததைக் கண் பார்த்தாலும் மனம் தாமதமாகவே காண்கிறது. சமயபுரத்துக்கு நடைப்பயணம் செல்லும் அடியார் கூட்டம் ஓரத்தை நிறைத்திருக்கும் நாள்களில் இந்த ஆபத்து இன்னும் மிகும்.

பிரேக்கைப் பற்றி ஊரில் வழங்கும் ஓர் அறிவுரை, பிள்ளைகளைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவர்களை ஆபத்தில் தள்ளுகிறது. "முன் பிரேக்கைப் பிடிக்காதே, கவிழ்ந்துவிடும்" என்பதே அது. வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் தரையை இறுகப் பற்றுகிறது. பின்சக்கரம் பிடிப்பை இழக்கிறது. எனவே வண்டியை நிறுத்தும் பணியில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. நேராகச் செல்கையில் இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துவதே முறை. வண்டி சாய்ந்திருக்கும் திருப்பத்திலும், மணலிலும், சோளமணிமீதும் அதைத் திடுமெனப் பிடித்தால்தான் கவிழும். பாதி உண்மையாயிருந்த ஒரு சொல் முழு விதியாகிவிட்டதால், உயிர்போகும் நேரத்தில் பலர் பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சறுக்கிச் செல்கின்றனர். 2019 ஏப்ரல் முதல் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும், சிறிய வண்டிகளுக்கு இரு பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்பும் கட்டாயமாயின. வாசலில் நிற்கும் பழைய வண்டியில் அவை இல்லை.

தலைக்கவசத்தின் பயனைப் பற்றி ஐயப்பட இடமில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மதிப்பாய்வு, அது இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டது. 2022-இல் இந்தியாவில் தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தோர் 50,029 பேர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கவசத்தைப் பெட்ரோல் தொட்டிமேல் வைத்துக்கொண்டும் கையில் மாட்டிக்கொண்டும் போவோர், காவலர் நிற்கும் இடத்துக்குமுன் அணிந்து அப்பால் கழற்றுகின்றனர். தாடைப்பட்டை மாட்டாத கவசம், தலை தரையைத் தொடுமுன்னே தனியே உருண்டோடிவிடும். அது தொப்பி.

1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் இருப்புப்பாதையின் கரையை அரித்திருந்ததால், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அரியலூர் என்னும் பெயர் நாடு முழுதும் அறியப்பட்டது அந்தத் துயரத்தால். 2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அவற்றில் இறந்தோர் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். மூன்று நாளுக்கு ஒரு மருதையாறு. ஒரே ஆற்றில் ஒரே விடியலில் விழாமல், ஒருவர் பாடாலூரிலும் ஒருவர் செந்துறையிலும் ஒருவர் வேறெங்கோ ஒரு திருப்பத்திலுமாக விழுவதால், அது துயரமாகத் தோன்றாமல் நாளிதழின் உள்பக்கத்துச் செய்தியாகிவிடுகிறது. பொறுப்பேற்பவர் எவரும் இல்லை.

சட்டம் ஒருவரைப் பொறுப்பாக்க முயன்றிருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுவரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கம். ஓட்டியவர் 25 வயது நிறையும்வரை உரிமம் பெற இயலாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையும் பெற்றோருடையதே. காப்பீட்டின் நிலையும் அறியத்தக்கது: உரிமமற்றவர் ஓட்டிய வண்டியால் பிறர் பாதிக்கப்பட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள நீதிமன்றங்கள் வழிவிட்டுள்ளன. ஏழை உழவர் வீட்டில் அது ஒரு காணி நிலத்தின் விலை. மனுநீதிச் சோழன் கதையில் மகனின் தேருக்காகத் தந்தை நீதிமுன் நின்றான். இன்றைய சட்டமும் தந்தையையே அழைக்கிறது. சாவியை ஆணியில் மாட்டும் உயரத்தைச் சற்றுக் கூட்டுவதால் தீரும் செயல் இது ஆகாது. அந்த வீட்டின் வேலைகளுக்கு வேறு வழி பிறக்கவேண்டும்.

வழிகள் அறவே இல்லாமலும் இல்லை. பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி, பத்துக் கிலோமீட்டருக்குட்பட்ட பள்ளித் தொலைவுக்குப் போதும். மாணவருக்கு மிதிவண்டி மதிப்புக் குறைவாகத் தோன்றுவது மட்டுமே தடை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத, 250 வாட்டுக்குக் குறைந்த திறனுள்ள மின்வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பள்ளி நேரத்துக்கு ஒரு பேருந்து கூடுதலாக வரவேண்டும் என்று கிராமசபையில் எழுந்து கேட்பது, மேடையில் சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி படிப்பதைவிடப் பயன் மிக்கது.

உரிமம் பெறும் வயது வந்தபின்னும் கற்றல் முடிவதில்லை. நியூசிலாந்து 1987-இல் படிநிலை உரிம முறையைக் கொண்டுவந்தது. முதலில் பழகுநர், அடுத்து, இரவு பத்து முதல் காலை ஐந்து வரை தனியே ஓட்டக்கூடாது, மேற்பார்வையின்றிப் பிறரை ஏற்றக்கூடாது என்னும் கட்டுப்பாடுள்ள உரிமம், அதன் பின்னரே முழு உரிமம். இருளும் நண்பர் கூட்டமுமே புதிய ஓட்டுநரின் பெரும்பகைவர் என்பதை அந்த நாடு கண்டுகொண்டது. இந்தியாவில் பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழித்து நிலையான உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த முப்பது நாளைப் படிவத்துக்கான காத்திருப்பாகக் கழிப்போரே மிகுதி. நியூசிலாந்தின் இரண்டாம் படியை ஒரு குடும்பம் தன் வீட்டு விதியாக வைத்துக்கொள்ள எந்த ஆணையும் தேவையில்லை. முதல் ஆண்டில் இரவில் ஓட்டுவதில்லை, பின்னால் நண்பரை ஏற்றுவதில்லை, கைப்பேசி பையின் அடியில் என்று தாயும் மகனும் அல்லது மகளும் ஒத்துக்கொண்டால் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கைப்பேசியைப் பார்ப்பவர் 33 மீட்டரைக் கண்மூடிக் கடக்கிறார்.

பழந்தமிழர் தேர் செலுத்துவோனை வலவன் என்றனர். அகநானூற்று முல்லைப்பாடல் ஒன்றில், வினைமுடித்துத் தலைவியைக் காண விரைந்து திரும்பும் தலைவன், மலரில் தேனுண்ணும் வண்டினம் அஞ்சிக் கலங்குமே என்று தேரின் மணிநாக்குகளைக் கட்டி வைக்கிறான். அவனுக்கு அவசரம் இல்லாமல் இல்லை. குழலை அறுத்து ஒலி பெருக்கிய வண்டியோடு மருத்துவமனைத் தெருவில் செல்லும் இளைஞன் இப்பாடலை வகுப்பில் படித்து மதிப்பெண்ணும் பெற்றிருப்பான் என்பதை நினைக்கையில் சற்று வியப்பாயிருக்கிறது.

விபத்து நேர்ந்துவிட்டால் சுற்றி நிற்போர் செய்வதில் சில திருத்தங்கள் வேண்டும். அடிபட்டவருக்குத் தண்ணீரோ சோடாவோ கொடுப்பது ஊர்வழக்கம். நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தலைக்கவசத்தை அவசரமாகப் பிடித்திழுத்தால், கழுத்தெலும்பு முறிந்திருக்குமானால் தண்டுவடம் சிதையும். மூச்சு அடைபட்டாலன்றி அதைத் தொடாதிருப்பதே நன்று. குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்கலாம். 108-ஐ அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர்க் கல்லின் எண்ணைச் சொன்னால் ஊர்தி விரைந்து வந்து சேரும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணிநேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் வரையறுத்த தொகைவரை கட்டணமின்றிக் கிடைக்கிறது. வழக்கில் சிக்கவேண்டிவருமே என்னும் அச்சத்தால் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்பளித்த நெறிமுறைகளும், 2019 திருத்தத்தின் 134ஏ பிரிவும் அந்த அச்சத்துக்கு இடம் வைக்கவில்லை. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர், விரும்பாவிட்டால், மருத்துவமனையிலோ காவலரிடமோ தம் பெயரைக்கூடச் சொல்லாமல் வீடு திரும்பலாம்.